ரோஸ்விதாவின் புகைபோக்கி

ஒரு வீட்டின் யோக்கியதை அதன் புகைபோக்கிக்குள் தெரியும். ஈர விறகை எரிக்கிற சோம்பேறி யார், பிய்ந்த செருப்பையும் பால் டப்பாவையும் அடுப்பில் போடுகிற கஞ்சன் யார், புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனி அறையில் தனித்தனி அடுப்பு மூட்டுகிறார்களா என்பதெல்லாம் ஹின்டர்லைட்டனில் பாதிரியாருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். நான் இந்த ஊருக்குப் புகைபோக்கி துடைப்பவன். பெயர் கில்பெர்ட். ஆண்டுக்கு நான்கு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய்த் துடைக்க வேண்டும். புத்தாண்டு அன்று கறுப்பு உடுப்போடு தெருவில் நடந்தால் ஆளாளுக்கு ஓடிவந்து என் சட்டையின் பித்தளைப் பொத்தானைப் பிடித்துத் திருகுவார்கள். அப்படிச் செய்தால் அந்த வருஷத்துக்கு நல்ல ராசி என்று ஒரு நம்பிக்கை. மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளும் என்மேல் பட்டால் கை கழுவுவார்கள்.

ரோஸ்விதா லாங்மான் மட்டும் கழுவ மாட்டாள். அவள் முப்பத்தோரு வருஷம் எங்கள் ஊர்த் தபால்காரி. பனியில் தோல்பையைச் சுமந்து சுமந்து அவளுடைய வலது தோள் இடதைவிட மூன்று விரற்கடை தாழ்ந்துபோயிருந்தது. விரல் கணுக்களெல்லாம் வீங்கி, கோப்பையை இரண்டு கையாலும் சேர்த்துத்தான் தூக்குவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாய் நீளம். மான்கொம்பு விடுதிக்குப் பின்னால் நெசவாளர் சந்தில் கடைசி வீடு. விறகுக் கொட்டில் கீழே, வசிக்கிற அறையும் அதைச் சூடாக்குகிற ஓடு பதித்த அடுப்பும் மேலே. நடுவில் பதினான்கு படி. குளிர்காலத்தில் நாளுக்கு நாலு கூடை விறகை அந்தக் கையோடு தூக்கிக்கொண்டு ஏறுவாள்.

ஒரு பிப்ரவரியில் நான் துடைத்துவிட்டுக் கீழே இறங்கியபோது அவள் ஏழாவது படியில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"ஏன்க்கா, கூப்பிட்டிருந்தா நான் தூக்கிட்டு வந்திருப்பேன்ல?"

"நீ வருஷத்துக்கு நாலு நாள் வருவே. மிச்ச நாளைக்கு உன் தாத்தா வருவாரா?" என்றாள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: "ஒரே ஒரு குளிர்காலம்டா கில்பெர்ட்டு. எதையும் தூக்காம, சும்மா உக்காந்த எடத்துல சூடா இருக்கணும். அதுக்கப்புறம் செத்தாலும் பரவால்ல."

அவள் வாழ்க்கையில் கேட்ட ஒரே சொகுசு அதுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

அடுத்த வருஷம் விவசாயிகள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். எல்லோருக்கும் காடு இருக்கிறது, விலை போகாத கோணல் மரமும் கிளையும் மலையாகக் கிடக்கிறது. அதைச் சில்லாக அரைத்து, மர அறுவை ஆலைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கொதிகலனில் எரித்து, வெந்நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியாக ஊர் முழுக்க அனுப்பலாம் என்பது திட்டம். வீட்டுக்கு வீடு அடுப்பு வேண்டாம், விறகு வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம். நானும் வேண்டாம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நகரத்திலிருந்து வந்த பொறியாளர் விருந்துக்கூடத்தில் படம் போட்டுக் காட்டினார். "கேள்வி இருக்கிறதா?" என்றார். எங்கள் ஆட்கள் பீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லைப் போட்ட கிணறுகூட ஒரு சத்தம் கொடுக்கும். அப்போது பின் வரிசையில் ரோஸ்விதா எழுந்தாள்.

"அந்த ஊர்ப் படத்த என்கிட்ட குடுங்க. எந்த வீட்டுக்கு எப்ப போனா கதவு தொறப்பாங்கன்னு எனக்குத் தெரியும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. தபால் பை போன தோளில் இப்போது ஒப்பந்தத் தாள் பை. வீடு வீடாகப் போனாள். பால் கறக்கிற நேரத்தில் தொழுவத்துக்குப் போனாள், பூசை முடிந்து வருகிறவர்களைக் கல்லறைத்தோட்ட வாசலில் மடக்கினாள். நல்ல வார்த்தைக்கு மசியாதவர்களுக்கு வேறு வைத்தியமும் வைத்திருந்தாள். பண்ணைக்காரன் கொர்பீனியன் மூன்று முறை கதவைச் சாத்தினான். நாலாவது முறை அவள் ஜன்னல் வழியாகச் சொன்னாளாம்: "கிராட்ஸ் பட்டணத்துலேர்ந்து ஆறு வருஷம் மாசாமாசம் ஊதா கவர் வந்துச்சே, உன் பொண்டாட்டி கையில ஒரு தடவையாவது குடுத்தேனா? அந்த நன்றிக்காவது ஒரு கையெழுத்துப் போடு." போட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டான். அவள் செய்தது நல்ல காரியம் என்பதற்காக அவளை நல்லவளாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை.

எந்தத் தெருவில் குழாய் போவது என்பதில்தான் அடிதடி வரப் பார்த்தது. ஆலைப் பக்கத்துக்காரர்கள், சங்கத் தலைவர் இக்னாட்ஸ் தன் சொந்தக்காரர்கள் வீட்டுக்கே குழாயைத் திருப்பிவிடுவார் என்றார்கள். பொறியாளர் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். ஒரு மீட்டர் குழாய் புதைத்தால் அந்த மீட்டர் வழியாக வருஷத்துக்கு இவ்வளவு சூடாவது வீடுகளுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் சூடு மண்புழுவுக்குத்தான். ரோஸ்விதா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இதையே விதியா எழுதுங்க. எந்தத் தெருவா இருந்தாலும் இந்தக் கணக்குக்குக் கீழ போனா குழாய் கெடையாது. தலைவர் வீடா இருந்தாலும் சரி, பாதிரியார் வீடா இருந்தாலும் சரி, விலக்கு ஒருத்தருக்கும் கெடையாது."

கூடமே கைதட்டியது. அவளே சொல்லச் சொல்ல விதி எழுதப்பட்டது. அன்றைக்கு மட்டும் பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

விதியின் முதல் அடி வால்புர்கா மேல் விழுந்தது. ஆலைக்கு அப்பால் தனியாகக் கிடக்கிற வீட்டில் இருக்கிற விதவை. மான்கொம்பு விடுதிக்காரன் ஹெரிபெர்ட்டுக்குக் கூடப் பிறந்த தங்கை. இருநூறு மீட்டர் குழாய், ஒற்றை வீடு. கணக்கு எட்டவே எட்டாது. அவள் கசகசா கேக் சுட்டு ரோஸ்விதாவைக் கூப்பிட்டனுப்பினாள். ரோஸ்விதா போனாள், இரண்டு துண்டு கேக் சாப்பிட்டாள், விரலை நக்கிக்கொண்டு "விதி விதிதான் வால்புர்கா. உனக்காக வளைச்சா ஊருக்கே வளைக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வால்புர்கா வாசலில் நின்று அழுததை நான் கூரைமேலிருந்து பார்த்தேன். கேக்கையாவது சாப்பிடாமல் வந்திருக்கலாம் என்று எனக்குக் கோபம் வந்தது.

ஏப்ரலில் கையெழுத்து திடீரென்று நின்றுபோனது. பாதி ஊர் போட்டுவிட்டது, மிச்சம் பாதி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. இருக்கிற அடுப்பை எடுத்த பிறகு குழாய் வராமல் போனால் என்ன செய்வது என்று பயம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விடுதியில் கொர்பீனியன் அதை எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தான்.

"ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றியே, மொதல்ல உன் அடுப்ப இடி பாப்போம்! நீ இடிச்சா நாங்களும் நம்பறோம்."

மேசை மேசையாகச் சிரித்தார்கள். ரோஸ்விதா எழுந்து நின்று கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். "இந்த மாசம் முடியறதுக்குள்ள என் அடுப்போட ஓடு சந்துல கெடக்கும். வந்து எண்ணிக்கங்க."

கிடந்தது. பச்சை ஓடுகள், அவளுடைய அப்பா காலத்தவை. சந்து வாசலில் குவித்து வைத்தாள். ஊரே வந்து பார்த்தது. அடுத்த பத்து நாளில் இருபத்தொரு கையெழுத்து.

இப்போது சங்கடமான இடத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

அடுப்பை எடுத்துவிட்டால் புகைபோக்கியை அடைத்து, அடைத்தாயிற்று என்று நான் கையெழுத்திட்டுத் தாள் கொடுக்க வேண்டும். மே மாதம் செவ்வாய்க்கிழமை அவள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய ஞாயிறு விடுதியில் ஹெரிபெர்ட்டும் இக்னாட்ஸும் ஊர்ப் படத்தை விரித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அடுத்த மேசையில் கல்லீரல் உருண்டை சூப் குடித்துக்கொண்டிருந்தேன்.

மான்கொம்பு விடுதியின் முகப்பு பெரிய தெருவைப் பார்த்திருக்கிறது, முதுகு நெசவாளர் சந்தைப் பார்த்திருக்கிறது. குழாய் சந்துப் பக்கமாக வந்து விடுதியின் பின்கட்டில் நுழைவதாகப் போட்டிருந்தது. விடுதியில் பதினெட்டு அறை, சமையல்கட்டு, விருந்துக்கூடம். அது ஒன்றே சந்திலிருக்கும் நான்கு குட்டி வீடுகளைப்போல் மூன்று மடங்கு சூட்டை இழுக்கும். விடுதியைச் சேர்த்தால்தான் சந்து விதிக்குள் வரும்.

"எனக்கு முன்பக்கமா குடுத்துடு இக்னாட்ஸு," என்றான் ஹெரிபெர்ட். "பின்னாடி என் செஸ்ட்நட் மரத்தோட வேர வெட்ட விட மாட்டேன்."

இக்னாட்ஸ் விரலைப் படத்தில் வைத்தார். "முன்பக்கம் எடுத்தா நீ பெரிய தெருக் கணக்குல போயிடுவே. அப்புறம் சந்து தேறாதேப்பா."

"தேறாட்டி?"

"தேறாட்டி குழாய் கெடையாது. நாலு வீட்டுக்கும்."

ஹெரிபெர்ட் கோப்பையைக் கீழே வைத்தான். "அது பாவம்தான். ஆனா என் தங்கச்சிகிட்ட ஒரு பொம்பள கேக்கத் தின்னுட்டு ஒண்ணு சொன்னா பாரு... விதி விதிதான்."

இக்னாட்ஸ் முதலில் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன். ஹெரிபெர்ட் என் பக்கம் திரும்பி, "என்ன கில்பெர்ட்டு, உனக்காவது நாலு புகைபோக்கி மிஞ்சும்" என்றான்.

ரோஸ்விதாவின் அடுப்பு போய்விட்டதால் சந்தில் எனக்கு மிஞ்சுவது நாலு இல்லை, மூன்று என்று எனக்குத் தெரியும். ஊரின் அறுபத்து மூன்று புகைபோக்கியில் அதற்குள் நாற்பத்தைந்தை அவள் ஒருத்தி பிடுங்கிக்கொண்டு போயிருந்தாள். என் மகள் அப்போது படித்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் காரணம் சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. உண்மை என்னவென்றால், திங்கட்கிழமை முழுக்க எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி இருந்தது.

செவ்வாய்க்கிழமை மூடியும் சாந்தும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் எனக்காகக் காப்பி போட்டு வைத்திருந்தாள். அடுப்பு நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுத்திருந்தது. அங்கே ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டு வைத்திருந்தாள், புதுசு.

"வெந்நீர் ஓடற குழாய்க்கூடு இந்தச் சுவத்துல வரும். நான் இங்கதான் உக்காரப் போறேன். முதுகுல சூடு அடிக்கும்," என்றாள். "ஏன்டா மூஞ்சிய உம்முனு வச்சிருக்கே? உன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டேன்னு கோவமா?"

"அதெல்லாம் இல்லக்கா."

"நல்லா கெட்டியா அடைடா. இனிமே ஒரு துளி கரி இந்த வீட்டுல விழக்கூடாது."

அடைத்தேன். என் தொழிலில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை நான் செய்ததில்லை. தாளில் கையெழுத்துப் போட்டேன். போகிற போக்கில், "கூரைக்கு மேல நிக்கற பகுதியையும் எடுத்துடுங்கக்கா, இல்லாட்டி மழைத்தண்ணி இறங்கும்" என்று வேறு சொன்னேன். அது தொழில்முறைப்படி சரியான யோசனை. ஜூன் மாதம் ஆளை வைத்து எடுத்துவிட்டாள். ஓடு வேய்ந்து மூடியாயிற்று.

ஜூலைக் கூட்டத்தில் இக்னாட்ஸ் கடைசிப் படத்தைச் சுவரில் மாட்டினார். சிவப்புக் கோடு பெரிய தெருவில் வந்து, விடுதியின் முகப்பில் ஒரு கிளை பிரிந்து, நேராகக் கோயிலுக்குப் போனது. சந்தின் வாயில் ஒன்றுமில்லை. ரோஸ்விதா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"எங்க சந்து விட்டுப்போச்சு போலிருக்கே?"

"விட்டுப்போகல ரோஸ்விதா," என்றார் இக்னாட்ஸ் மேசையைப் பார்த்துக்கொண்டு. "கணக்கு எட்டல. விடுதி முன்பக்கமா எடுக்குது."

"அப்ப நான்? நான் அடுப்ப இடிச்சுட்டேனே!"

மற்ற மூன்று வீட்டுக்காரர்கள் குழாய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அடுப்பை அப்படியே வைத்திருந்தார்கள். கெட்டிக்காரர்கள். அவள் ஒருத்திதான் ஊருக்காக முன்கூட்டி இடித்தவள். கொர்பீனியன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டான்: "விதிய எழுதச் சொன்னது யாரு? அதுலயே ஒருத்தருக்கும் விலக்கு கெடையாதுன்னு போட்டிருக்கே, படிச்சுக் காட்டட்டுமா?"

"வேணாம்," என்றாள். "எனக்கு மனப்பாடமாத் தெரியும்."

இருந்தாலும் கை தூக்கச் சொல்லிக் கேட்டார்கள். விதியைத் தளர்த்தலாம் என்று ஏழு கை. கூடத்தில் ஐம்பத்தெட்டுப் பேர். அந்த ஐம்பத்தெட்டுப் பேரிடமும் கையெழுத்து வாங்கியவள் அவள்தான். நான் சங்க உறுப்பினன் இல்லை, தூக்க எனக்குக் கை இல்லை. இருந்திருந்தால் தூக்கியிருப்பேனா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அக்டோபரில் திறப்பு விழா. பேண்டு வாத்தியம், பாதிரியார் கொதிகலனுக்குப் புனித நீர் தெளித்தார், பொரித்த கோழி. "யார் இல்லாமல் இது நடந்திருக்காதோ அவருக்கு" என்று இக்னாட்ஸ் அவளை மேடைக்குக் கூப்பிட்டார். ஊர் சார்பில் பரிசு. பின்னல் கூடை நிறைய வெள்ளை பிர்ச் விறகு, ஒரே அளவில் அறுத்து அடுக்கி, சிவப்பு ரிப்பன் கட்டியது. வேண்டுமென்று செய்ததில்லை. சங்கத்தில் ஒருவருக்கும் அது உறைக்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை தாங்கவில்லை. அவள் நன்றி சொன்னாள். வீங்கிய விரலைக் கைப்பிடியில் மாட்டி அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் போனாள். கூடத்தில் அதற்குள் நடனம் ஆரம்பித்துவிட்டது.

மறுபடி அடுப்பும் புகைபோக்கியும் கட்ட அவளிடம் காசு இல்லை. அந்தக் குளிர்காலம் அவள் சமையல்கட்டில் ஒரு மின்சார ஹீட்டரை வைத்துக்கொண்டு ஓட்டினாள். வீட்டு ஒயரிங் பழசு. இரண்டாவது ஹீட்டரைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். மேல் அறையைப் பூட்டிவிட்டாள். பெரிய தெருவில் குழாய் போகிற தடத்தில் பனி தானாக உருகி, டிசம்பரிலும் ஒரு முழ அகலத்துக்குப் புல் தெரிந்தது. அந்தப் பச்சைக் கோடு சந்தின் வாயைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் எங்கள் கொதிகலனைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் ஊரிலும் போடலாமா என்று யோசனையாம். அவளைப்போல் எடுத்துச் சொல்ல ஆளில்லை என்று இக்னாட்ஸ் கூச்சமில்லாமல் போய்க் கூப்பிட்டார். அவளும் வந்தாள். இரண்டு ஸ்வெட்டர், மேலே பழைய தபால் கோட்டு. சில்லு எங்கிருந்து வருகிறது, ஈரம் எவ்வளவு இருக்கலாம், சாம்பல் எங்கே போகிறது எல்லாம் சொன்னாள். பஸ்ஸில் வந்த ஒரு பெண் கேட்டாள்: "உங்க வீட்டுல எப்படிம்மா இருக்கு? நெசமாவே சூடா இருக்கா?"

நான் ஆலைக் கதவோரம் நின்றிருந்தேன். இக்னாட்ஸின் காது சிவந்துபோனதைப் பார்த்தேன்.

"அடுப்புப் பக்கமே போறதில்ல," என்றாள் ரோஸ்விதா. "வெறகுன்னு ஒண்ணத் தூக்கி மாசக்கணக்காச்சு."

இரண்டும் பொய்யில்லை. அந்தப் பெண் அங்கேயே தன் பெயரைக் கொடுத்தாள். பிறகு எல்லோரையும் விடுதிக்குக் கூட்டிப்போனார்கள். ஹெரிபெர்ட் வெப்பம் தாங்கவில்லை என்று ஜன்னலைத் திறந்து வைத்து, கையில்லாத சட்டையோடு பீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

புத்தாண்டு காலையில் கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பெரிய தெருவில் முப்பது பேராவது பொத்தானைத் திருகியிருப்பார்கள். சந்துக்குள் போகலாமா வேண்டாமா என்று வாயிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அவள் வீட்டுக்கு நான் போக இனிமேல் முகாந்திரமே இல்லை, துடைக்கப் புகைபோக்கி இல்லையே. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் முதல் ஆளாக வாசலில் காத்திருந்து பொத்தானைத் திருகி, எனக்கு ஒரு சின்னக் கிண்ணம் பேரிக்காய்ச் சாராயமும் தருகிறவள். போனேன்.

கதவைத் திறந்தாள். வாயிலிருந்து ஆவி வந்தது, வீட்டுக்குள்ளிருந்தே. அவளுக்குப் பின்னால் படிக்கட்டுக்கடியில் அந்தப் பரிசுக் கூடை ரிப்பன் அவிழ்க்காமல் இருந்தது.

"நல்ல வருஷமா இருக்கட்டும்க்கா," என்று நெஞ்சை நிமிர்த்திப் பொத்தானைக் காட்டினேன்.

அவள் பொத்தானைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"ஹெரிபெர்ட்டு போன வாரம் குடிச்சுட்டு எல்லாத்தையும் சொன்னான். நீயும் பக்கத்து மேசையிலதான் இருந்தியாமே."

"அக்கா..." என்றேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்டா. காப்பி குடிச்சப்பவாவது," என்றாள்.

கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. கேக்கைத் தின்றுவிட்டு வந்தவள் மேல் கூரையிலிருந்து கோபப்பட்டேனே, அது ஞாபகம் வந்தது.

"பனி முடிஞ்சதும் நானே அடைப்ப எடுத்துத் தரேன்க்கா. மேல கட்டியும் தரேன். காசு வேணாம்," என்றேன்.

"இப்பக் குளுருதுடா," என்றாள். "கதவச் சாத்திட்டுப் போ."